சீனி போடாத தேத்தண்ணி

ஏப்ரல் 2, 1997. புதன்.

காலை ஈரப்பனி. மத்தியானம் வெயில். பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் சப்பாத்துக்குள் தண்ணீர். பரவாயில்லை.

கிளினிக்கில் மூன்றாம் நாள். வேலை: பல் டொக்டரின் கேள்வித்தாளைத் தமிழில் எழுதுதல். ஒருவருக்கு இனிமேல் பல்லில் சூத்தை விழுமா, விழுந்தால் எவ்வளவு விரைவில், எதனால் என்று முன்கூட்டியே கணிக்கிற தாள். பிள்ளைகளுக்கு ஒரு பக்கம், பெரியவர்களுக்கு ஒரு பக்கம். இருக்கிற ஓட்டையை எண்ணுவது அல்ல, வரப்போகிற ஓட்டையைத் தேடுவது. சாதகம் பார்ப்பது போல. கிரகங்களின் இடத்தில் சீனி, எச்சில், கிருமி, நேரம்.

அம்மா கேட்டது: இலக்கியம் படித்துப் பட்டம் எடுத்தது ஊராரின் வாயைப் பார்க்கவா. சொல் வருகிற இடம் அதுதானே என்றேன். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

டொக்டர் போர்த்துக்கல்காரி. ஐம்பது வயதிருக்கும். ஸ்காபரோவில் தமிழ் வாய்களைப் பார்த்துப் பார்த்து அவருக்கு ஒரு குழப்பம். தாளில் எல்லாரும் நல்ல பிள்ளைகள், வாயைத் திறந்தால் வேறு கதை. மொழியில்தான் எங்கோ பிழைக்கிறது என்று என்னை எடுத்திருக்கிறார். கோடை முடியும்வரை.

முதல் சொல்லிலேயே தடக்கல். ‘ரிஸ்க்’.
அபாயம்: மின்கம்பத்தில் மண்டையோட்டுக்குக் கீழே எழுதுவது.
இடர்: புத்தகத்துக்குள் மட்டும் உயிரோடு இருப்பது.
ஆபத்து: சனங்களுக்கு விளங்கும்.

ஆபத்து என்றே எழுதினேன். குறைந்த ஆபத்து, நடுத்தர ஆபத்து, கூடிய ஆபத்து. மற்றக் கேள்விகள் சுகம். ஒரு நாளைக்கு எத்தனை தரம் சாப்பிடுவீர்கள். தேத்தண்ணிக்குச் சீனி போடுவீர்களா. இரவில் வாய் காய்கிறதா. மத்தியானத்துக்குள் முடிந்தது. கொஞ்சம் பெருமை. மிச்ச நேரம் ஜன்னலில் சாய்ந்து கார்கள் பார்த்தல்.


ஏப்ரல் 4. வெள்ளி.

காற்று. குடை ஒன்று உள்பக்கம் வெளிப்பக்கமாகி வீதியைக் கடந்து தனியாகப் போனது. யாருடையதோ.

வதனி அக்கா என்று ஒருவர் வந்தார், ஐந்து வயது மகள் அபிராவோடு. பிள்ளையின் கடைவாய்ப் பற்கள் நான்கில் சூத்தை. டொக்டரின் கணிப்பு: கூட. தாளில் உள்ளபடி நான் வாசித்தேன். பிள்ளைக்குக் கூடிய ஆபத்து.

வதனி அக்கா பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்து இறுக்கிப் பிடித்தார்.

“எத்தினை நாளைக்கு, தங்கச்சி?”

எனக்கு விளங்கவே கொஞ்ச நேரம் எடுத்தது. உயிருக்கு என்று நினைத்துவிட்டார். விளங்கப்படுத்தி முடித்த பிறகுதான் பிள்ளையை மடியிலிருந்து இறக்கினார். ‘ஆபத்து’ வெட்டு. உடனே வெட்டு.

பிறகு எல்லாம் நன்றாகப் போனது. ஒரு நாளைக்கு எத்தனை தரம் சாப்பிடுகிறாள் என்று கேட்டேன். மூன்று தரம், அதுவும் கெஞ்சிக் கூத்தாடி என்றார். அபிரா கதிரையில் காலை ஆட்டிக்கொண்டு இங்கிலீஷில் திருத்தினாள். ஸ்கூல் பஸ்ஸில் பிஸ்கட். வந்ததும் ஜூஸ். கார்ட்டூனுக்கு திராட்சை வற்றல். பிறகு கார்ட்டூன் முடிந்ததற்கு இன்னொரு பிஸ்கட். அண்ணா அழ வைத்தால் டொஃபி.

“அது சாப்பாடே? அது சும்மா வாய்க்கு.”

சும்மா வாய்க்கு. பஸ் முழுக்க இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். சோறு, புட்டு, இடியப்பம் சாப்பாடு. மிச்சமெல்லாம் சும்மா. எங்கள் சனத்தின் சூத்தை அந்தச் சும்மாவுக்குள் இருக்கிறது. இதில் ஒருவரும் பொய் சொல்லவில்லை. கேள்விதான் கதவு மாறித் தட்டியிருக்கிறது.

டொக்டர் சொன்னது, என் சொற்களில்: சீனி பல்லில் படும் ஒவ்வொரு தரமும் கிருமி அதைத் தின்று புளிப்பாக்குகிறது. புளிப்பு அரை மணித்தியாலம் அளவில் பல்லை அரிக்கும். பிறகு எச்சில் வந்து மெல்ல மெல்லத் திருத்தும். திருத்துவதற்குள் அடுத்த பிஸ்கட் வந்தால் எச்சில் தோற்றுப்போகும். ஆகவே எவ்வளவு சீனி என்பதைவிட எத்தனை தரம் என்பதே பெரிய கேள்வி. பல்லுக்கு அளவு தெரியாது, தரம்தான் தெரியும்.

எச்சில்மேல் இவ்வளவு மரியாதை எனக்கு இதற்கு முன் வந்ததில்லை.

விழப்போகிற பல்தானே என்று வதனி அக்கா. பின்பக்கத்துப் பால்பற்கள் பத்துப் பன்னிரண்டு வயதுவரை நிற்கும் என்று டொக்டர். மூத்தவனுக்கு ஒரு சூத்தையும் இல்லையே, ஒரே வீடு, ஒரே சாப்பாடு, அது எப்படி என்று வதனி அக்கா. கேட்கக் கேட்கத்தான் வந்தது. அபிரா கைக்குழந்தையாக இருந்தபோது அக்காவுக்குப் பின்னேர வேலை. தகப்பன்தான் நித்திரையாக்குவது. சீனிப்பால் போத்தலை வாயில் வைத்தால் பிள்ளை பேசாமல் தூங்கும். தூக்கத்தில் எச்சில் அவ்வளவாக ஊறாது, பால் பல்லிலேயே நிற்கும். மூத்தவன் காலத்தில் அக்கா வீட்டில் இருந்தார். ஒரே வீடுதான். இரண்டு வேலைநேரம்.

முடிவு: நான்கையும் அடைப்பது. பூச்சுமருந்து. சும்மாவை எல்லாம் பள்ளியால் வந்ததும் ஒரே தரத்தில். இடையில் தண்ணீர். அபிராவுக்கு ஒரு ஸ்டிக்கர். எனக்கும் ஒன்று தந்தாள், நெற்றியில் ஒட்டி.


ஏப்ரல் 6. ஞாயிறு.

மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிய நாள். அம்மா அடுப்படி மணிக்கூட்டை மட்டும் மாற்ற மறுக்கிறாள். வீட்டில் இப்போது இரண்டு நேரம்.

புதுச் சொல் கிடைத்தது. வாய்ப்பு. சூத்தை வரும் வாய்ப்பு: குறைவு, நடுத்தரம், கூட. பயமுறுத்தாத சொல். உள்ளேயே ஒரு வாய் வேறு. இதைக் கண்டுபிடித்த சந்தோசத்தில் அறையைக் கூட்டினேன்.

பின்னேரம் குகன் அண்ணை மேலே வந்தார். நான்கு வருடமாக எங்கள் பேஸ்மன்றில் வாடகைக்கு இருப்பவர். முப்பத்துமூன்று வயது. டவுன்ரவுனில் நிலத்துக்குக் கீழே கார் விடும் இடமொன்றில் கண்ணாடிக் கூண்டுக்குள் வேலை. வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார், உங்கள் டொக்டர் முன்பல்லும் பார்ப்பாவோ என்று.

வாயைப் பொத்துவது அவர் வழக்கம். கதைக்கும்போது கை மேலே போகும். சிரிப்பு வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். கூச்சம் என்று நினைத்திருந்தேன். இன்று கையை எடுத்துக் காட்டினார். மேலே முன்பற்கள் நான்கும் பல்முரசுச் சதையோடு சேர்கிற இடத்தில் மண்ணிறமாக அரித்திருந்தன.

இந்த மாதம் இருபத்தேழாம் திகதி கொழும்பிலிருந்து மேகலா வருகிறா. பேசிச் செய்த சம்பந்தம். இரண்டு பேரும் படத்தில் பார்த்ததும் ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் கதைப்பதும்தான். ஜூனில் கல்யாணம். அதுவரை எங்களோடு, என் அறையில்.

அவர் அனுப்பிய படத்தின் பிரதியைக் காட்டினார். பிளாசா ஸ்ரூடியோவில் எடுத்தது. உதடு இறுக்கம். மீசை. மூச்சை அடக்கியதில் கண் இரண்டும் முழித்தபடி. பின்னால் நீலத் திரை.

“அவ வந்து இறங்கேக்க நான் ஒருக்காச் சிரிக்க வேணும், தங்கச்சி. அவ்வளவுதான்.”

புதன்கிழமைக்கு நேரம் எடுத்துக் கொடுத்தேன்.


ஏப்ரல் 9. புதன்.

குளிர் திரும்பி வந்திருக்கிறது, எதையோ மறந்துவிட்டுப் போனது மாதிரி.

குகன் அண்ணை கழுத்துப்பட்டி கட்டி வந்தார். பல்லுக்கு.

தாள் நிரப்பினேன். இரண்டு நேரம் பல் தீட்டுகிறார். இனிப்புப் பிடிக்காது. சோடா இல்லை. சிகரெட் இல்லை. மருந்து மாத்திரை இல்லை. மூன்று நேரச் சாப்பாடு, இடையில் ஒன்றுமில்லை. சும்மாவைப் பற்றியும் தனியாகக் கேட்டேன், அதுவும் இல்லை. தேத்தண்ணி நிறைய, ஆனால் சீனி போடுவதில்லை. கூட்டிப் பார்த்து வாசித்தேன். சூத்தை வரும் வாய்ப்பு, குறைவு.

“எனக்கு எதிலதான் வாய்ப்புக் கூட இருந்தது.”

என் புதுச் சொல்லின் கதி. டொக்டருக்கு மொழிபெயர்த்தேன், அவருக்கும் சிரிப்பு. அதுதான் இன்றைய கடைசிச் சிரிப்பு.

வாயைப் பார்த்ததும் டொக்டர் தாளைத் திரும்ப எடுத்துப் பார்த்தார். தாள் ‘குறைவு’ என்கிறது, பல் ‘மிகக் கூட’ என்கிறது. எல்லாப் பல்லும் அல்ல, முன்னால் மட்டும். சீனி வந்து முன்பற்களில் அடிக்கடி தங்குகிற மாதிரி. திரும்பக் கேள் என்றார். கேட்டேன். இல்லை. எலுமிச்சம்பழம் சூப்புவாரா. இல்லை. இருமலுக்கு இனிப்பு மாத்திரை. இல்லை. திரும்ப, தேத்தண்ணிக்குச் சீனி. மூன்றாம் தரம் கேட்டபோது குகன் அண்ணை எழுந்து உட்கார்ந்தார்.

“நான் பொய் சொல்லுறன் எண்டு நினைக்கிறாவோ?”

இதை நான் மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவும் இல்லை.

டொக்டர் நிதானமாகச் சொன்னார். நான்கையும் காப்பாற்றலாம். அரித்ததை எடுத்துப் பல்லின் நிறத்திலேயே அடைக்கலாம். ஆனால் எதனால் வந்தது என்று தெரியாமல் அடைத்தால் அடைப்பின் ஓரத்திலேயே திரும்ப அரிக்கத் தொடங்கும். ஓட்டையை அடைப்பது பாதி வேலை. காரணத்தை அடைப்பது மிச்சப் பாதி. யோசித்து வாருங்கள்.

பஸ்ஸில் குகன் அண்ணை இரண்டு இருக்கை தள்ளி இருந்தார். கழுத்துப்பட்டியைக் கழற்றிச் சுருட்டிப் பைக்குள் வைத்தார்.


ஏப்ரல் 11. வெள்ளி.

மழை. நூலகத்துக்குக் கொடுக்க வேண்டிய புத்தகம் இன்னும் கட்டிலுக்குக் கீழே.

அம்மா சொல்லித்தான் தெரியும். குகன் அண்ணை வேறொரு இடத்தில் கதைத்துவிட்டாராம். வருகிற வியாழக்கிழமை நான்கு முன்பல்லையும் பிடுங்குவது, பொய்ப்பல் கட்டுவது. இருபத்தேழுக்குள் எல்லாம் முடிந்துவிடும். முப்பத்துமூன்று வயதில் கட்டின பல்லோ என்று அம்மா கேட்க, கட்டினது ஒழுங்காய் இருக்கும், ஒருவரும் கேள்வி கேட்கமாட்டினம் என்றாராம்.

கடைசி வசனம் எனக்கு.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் டொக்டரின் காரணங்களை எழுதி ஒவ்வொன்றாக வெட்டினேன்.
வாய் காய்தல். இல்லை.
மாத்திரை. இல்லை.
நெஞ்செரிவு, புளிச்சல். இல்லை.
தீட்டாமை. அண்ணை தீட்டுகிற சத்தம் எங்கள் வீட்டின் அலாரம்.
குழாய்த் தண்ணீர்தான் குடிக்கிறார், அதில் பல்லைக் காக்கும் ஃபுளோரைட் இருக்கிறது.
பரம்பரை. தகப்பன் எழுபதிலும் கச்சான் கடலை கடித்தவராம்.
சீனி. இல்லை, இல்லை, இல்லை.

பிறகு சும்மா எனக்கே ஒரு தாள் நிரப்பினேன். வாசிக்கும்போது பின்னேரம் முழுவதும் ஒரே கோப்பிக் கோப்பை, ஆறிய பிறகும், மிடறு மிடறாக, சீனியோடு. பஸ்ஸில் மிட்டாய். முடிவு: கூட. மற்றவர்களின் சாதகம் பார்ப்பவள். கோப்பியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு நாக்கைச் சுட்டுக்கொண்டேன். ஏனோ சந்தோசம். நானும் இந்தச் சனத்தின் ஒரு வாய்.


ஏப்ரல் 13. ஞாயிறு.

வெயில். முன் புல்லில் பச்சை. கடைசிப் பனிக்கட்டி வேலியோரம், ஊத்தையாக, பிடிவாதமாக.

இதை ஒழுங்காக எழுத வேண்டும். கை ஓடுகிறது.

காலை. நாளைக்கு வருடப்பிறப்பு என்று அம்மா பலகாரச் சூடு. குகன் அண்ணை பின்கதவுப் பூட்டைத் திருத்த மேலே வந்திருந்தார். புதன்கிழமைக்குப் பிறகு முதல் தரம். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், அவ்வளவுதான். வேலை முடிந்து மேசையில் இருந்தார். அம்மா தேத்தண்ணி ஊற்றினாள், பால் இல்லாமல், கறுப்பாய். கோப்பையைக் கொடுக்குமுன் சீனிப் போத்தலை எடுத்தாள். குகன் அண்ணை இடது கையை நீட்டினார். அம்மா உள்ளங்கையில் ஒரு கரண்டி சீனி போட்டாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கக்கூட இல்லை. அம்மா அடுப்புக்குத் திரும்பினாள். அவர் நாக்கு நுனியால் சீனியைத் தொட்டார், ஒரு மிடறு. தொட்டார், ஒரு மிடறு.

நான்கு வருடமாகப் பார்க்கிறேன். அதற்கு முன் அப்பா உயிரோடு இருந்தபோது அவரும் இப்படித்தான். என் வாழ்க்கை முழுவதும் இது என் கண் முன்னால் நடந்திருக்கிறது. இன்றைக்குத்தான் பார்த்தேன்.

“அண்ணை, தேத்தண்ணிக்குச் சீனி போடுவியளோ?”

உள்ளங்கை வாயடியில். நாக்கில் சீனி. என்னை நிமிர்ந்து பார்த்தார், அலுப்போடு.

“இல்லையெண்டு எத்தினை தரம் சொல்லுறது உனக்கு?”

அவர் சொன்னது முழு உண்மை. தேத்தண்ணிக்குள் அவர் ஒரு நாளும் சீனி போட்டதில்லை. போடுவதில்லை, நக்குவது. கேள்வியை எழுதியவள் நான். ‘போடுவீர்களா.’ உலகத்திலேயே எங்கள் சனம் மட்டும் உண்மையாக ‘இல்லை’ என்று சொல்லக்கூடிய ஒரு கேள்வியைத் தேடி எழுதியிருக்கிறேன்.

வேலையிடத்தில் எப்படி என்று கேட்டேன். பெரிய பிளாஸ்க் நிறையக் கறுப்புத் தேத்தண்ணி, கடதாசியில் சுற்றிய சீனி. கார் வராத நேரமெல்லாம் மூடியில் கொஞ்சம் ஊற்றி, தொட்டு, ஒரு மிடறு. காலையிலிருந்து பின்னேரம்வரை. கூண்டுக்குள் வேறு என்ன செய்வது. நாக்கு நுனியில் எடுத்த சீனி உள்ளே போகிற வழி முன்பல்.

நான் கதிரையை விட்டு எழும்பி அடுப்படிக்குள் ஒரு சுற்றுச் சுற்றினேன். அம்மா எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் ஆடாதே என்றாள்.

அண்ணைக்கு விளங்கப்படுத்தினேன். நம்பவில்லை. ஒரு கரண்டிச் சீனி, அதுவும் உள்ளங்கையில், இதைப் போய் என்றார். அளவு அல்ல, தரம் என்றேன். தொட்ட ஒவ்வொரு தரமும் ஒரு தரம். அவர் உள்ளங்கையைப் பார்த்தார். மிச்சச் சீனி அதில். கனநேரம் பார்த்துவிட்டு, வீணாக்கக்கூடாது என்று நக்கி முடித்தார்.

வியாழக்கிழமை பற்றிக் கேட்டேன். யோசிக்கிறன் என்றபடி படியிறங்கினார்.


ஏப்ரல் 14. திங்கள்.

வருடப்பிறப்பு. புதுச் சட்டை, பழைய குளிர்ச்சட்டைக்குள். பையில் முறுக்கு, கிளினிக்குக்கு. (முறுக்குத்தான், இனிப்புப் பயற்றம் பணியாரம் இல்லை. வேண்டுமென்றே.)

டொக்டருக்குச் சொல்லால் விளங்கவில்லை. தேநீர் போட்டு, அவர் உள்ளங்கையில் சீனி கொட்டிச் செய்து காட்டினேன். வெள்ளை மேலங்கியோடு டொக்டர் தன் கையை நக்கினார், ஒரு மிடறு குடித்தார். இன்னொரு தரம் செய்தார். மூன்றாம் தரமும். இதைக் கைவிடச் சொல்லி நான் எப்படி ஆட்களிடம் கேட்பேன், இது நன்றாக இருக்கிறதே என்றார்.

பிறகு இரண்டு பேரும் கேள்வியைத் திருத்தினோம். “தேத்தண்ணி, கோப்பி குடிக்கும்போது சீனி, பனங்கட்டி, கல்லாக்காரம் (கற்கண்டு) எதையாவது வாயில் வைப்பீர்களா, நக்குவீர்களா, கடிப்பீர்களா? நாளைக்கு எத்தனை தரம்?” ‘நக்குவீர்களா’ அச்சில் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும்.

போன கிழமை தாள் நிரப்பிய பெரியவர்களைப் போனில் கூப்பிட்டேன். வருட வாழ்த்து, பிறகு கேள்வி. ஒரு ஐயா, பனங்கட்டிக்காரர், சத்தமாகச் சிரித்தார்.

“அது போடுறதில்லைப் பிள்ளை. அது கடிக்கிறதெல்லோ.”

‘குறைவு’ எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ‘கூட’ ஆகின. கெட்ட செய்திகள். சொல்லச் சொல்ல எனக்கு ஏன் இவ்வளவு உற்சாகம். தெரியாத ஒன்று தெரிந்த ஒன்றாக மாறும் சத்தம் போனில் கேட்கிறது.

குகன் அண்ணையின் கதவு பின்னேரம் முழுக்கச் சாத்தியபடி. உள்ளே ரேடியோ.


ஏப்ரல் 17. வியாழன்.

காலையில் அண்ணை மினுக்கிய சேட்டோடு வெளிக்கிட்டார். எங்கே என்று அம்மாவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஜன்னலால் பார்த்தேன். பஸ் நிற்கும் இடத்தில் கையைப் பைக்குள் விட்டபடி.

கிளினிக்கில் ஒன்றும் ஓடவில்லை. நான்கு பற்கள். அவை இன்றிரவு எங்கே இருக்கும் என்ற கேள்வி. நான் ஒரு சொல்லைச் சரியாக எழுதியிருந்தால் அந்த மனிதர் பொய்யர் என்ற பார்வையை அனுபவித்திருக்கமாட்டார். பிடுங்குகிற இடத்துக்கும் போயிருக்கமாட்டார். காலை முழுக்க ஆட்களுக்குத் தப்புத் தப்பாகத் திகதி எழுதிக் கொடுத்தேன்.

மத்தியானம் கடந்து வரவேற்பறைக்குள் எட்டிப் பார்த்தால் குகன் அண்ணை. கதிரை நுனியில். வாயைப் பொத்தியபடி.

பிடுங்கியாகிவிட்டது என்றே நினைத்தேன். அவர் கையை எடுத்தார். நான்கும் இருந்தன. மண்ணிறமாய், அரித்தபடி, அவ்வளவு அழகாய்.

அங்கே போய்க் கதிரையிலும் ஏறிவிட்டாராம். ஊசி எடுத்து வருமுன் இறங்கிவிட்டார்.

“பிழை கையிலதானே, தங்கச்சி. பல்லு என்ன செய்தது?”

டொக்டர் இரண்டு பேரின் நேரத்தை மாற்றி வைத்து அவரைக் கூப்பிட்டார். முதலில் மன்னிப்புக் கேட்டார். போன தடவை உங்களை நம்பாததுக்கு. மொழிபெயர்த்தேன். பிறகு நானும் கேட்டேன், என் கேள்விக்கு. அண்ணை வெட்கப்பட்டுக் கூரையைப் பார்த்தார்.

பேரம் தொடங்கியது. தேத்தண்ணியை விடத் தேவையில்லை என்று டொக்டர். கூண்டுக்குள் வெறும் தேத்தண்ணி, இல்லாவிட்டால் தண்ணீர். சீனி வீட்டில், சாப்பாட்டோடு, ஒரே இருப்பில். வெறும் தேத்தண்ணி தொண்டைக்குள் இறங்காது என்று அண்ணை. அப்படியென்றால் தண்ணீர் என்று டொக்டர். பின்னேரம் ஒருக்கா மட்டும் என்று அண்ணை. இல்லை. கார் வராத நாளில். இல்லை. கடைசியில் ஞாயிறு காலை, எங்கள் வீட்டு மேசையில், உள்ளங்கையில், ஒரு தரம் என்று முடிந்தது. அம்மாவைச் சாட்சி வைக்கச் சொன்னார் டொக்டர்.

இன்று இரண்டு பல் முடிந்தது. மிச்சம் செவ்வாய்.


ஏப்ரல் 22. செவ்வாய்.

ஜன்னல் திறந்து வைத்த முதல் நாள். எங்கோ யாரோ கார் கழுவுகிற சத்தம்.

நான்கும் முடிந்தது. கண்ணாடியைக் கையில் கொடுத்தேன். அண்ணை பார்த்தார். சிரிக்கவில்லை. ‘ச, ச, சீ’ என்று சொல்லிப் பார்த்தார். திரும்ப உதட்டை மூடிக்கொண்டார். பல் மாறிவிட்டது, வாய்க்கு இன்னும் தெரியாது.

டொக்டர் புதுக் கணிப்பை எழுதினார். இப்போதைக்குக் கூட. சொன்னபடி நடந்தால், கூடிய ஃபுளோரைட் பற்பசையும் பாவித்தால், மூன்று மாதத்தில் திரும்பப் பார்த்து நடுத்தரத்துக்கு இறக்கலாம். வாசித்தேன்.

“ஒரு மாதிரி எனக்கும் வாய்ப்புக் கூடிட்டுது.”

கூண்டு நிலவரம்: தண்ணீர்ப் போத்தல். முதல் நாள் தலையிடி, இரண்டாம் நாள் கோபம், நேற்று ஒரு கார்க்காரரோடு சண்டை, இன்று பரவாயில்லை.

அம்மா என் அறையில் இரண்டாவது கட்டில் போட்டுவிட்டாள். என் புத்தகங்கள் எல்லாம் சுவரோரம் அடுக்கி. நான் இனி அரை அறைக்காரி. கவலைப்பட வேண்டும் என்று ஞாபகம் வந்தது, பிறகு மறந்துவிட்டது.


ஏப்ரல் 27. ஞாயிறு.

தெளிந்த வானம். காற்றில் ஈரமண். எயர்போட்டுக்கு மத்தியானமே போய்விட்டோம், பிளேன் பின்னேரம்தான். குகன் அண்ணை இரவல் வாங்கிய காரை வெள்ளிக்கிழமையிலிருந்து கழுவியிருக்கிறார்.

கண்ணாடிக் கதவு திறந்து திறந்து மூடியது. ஒவ்வொரு தரமும் அண்ணை எம்பிப் பார்த்தார். மேகலா வெளியே வந்தபோது அவர் செய்ய நினைத்த ஒன்றையும் செய்யவில்லை. பழையபடி உதடு இறுக்கம், முழித்த கண். அச்சு அசல் அந்தப் படம். ‘வாங்கோ’ என்பதே அரைகுறையாக வந்தது. பிறகு இரண்டு பெட்டியையும் பிடித்துக்கொண்டு ஆட்களை இடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். மேகலா அவருடைய முதுகைப் பார்த்தபடி எங்களோடு வந்தா. கறுத்த, மெலிந்த பெண். கடும் சிவப்புக் கம்பளிச் சட்டை, புதிது, கழுத்தில் விலைத்துண்டின் நூல் தொங்க. அம்மாவின் கையை விடவில்லை.

எனக்கு அழுகை வரும் போலிருந்தது. நான்கு பல்லையும் காப்பாற்றி என்ன.

காரில் அம்மா முன்னால். நானும் மேகலாவும் பின்னால். பெருந்தெருவில் ஏறினோம். அம்மா குளிருதோ பிள்ளை என்றாள். இல்லை அன்ரி என்றா. பிளேனில் நித்திரை கொண்டனீரோ என்றாள். மேகலா கொஞ்சம் யோசித்தா. களைப்பாக இருக்க வேண்டும், அல்லது அவ எப்போதும் இப்படித்தான் நேராகக் கதைக்கிறவவோ. என்னைப் பார்த்துச் சொன்னாலும் எல்லாருக்கும் கேட்கச் சொன்னா.

“எங்க நித்திரை. இவரின்ர போட்டோவைப் பார்த்து எங்கட வீட்டில எல்லாருக்கும் பயம். வாயைத் திறந்தா ஏச்சுத்தான் வரும் போல எண்டு அண்ணா சொன்னவர். போனில சரியான நல்ல மாதிரி, போட்டோவில கோவக்காரர். எது உண்மை எண்டு யோசிச்சுக்கொண்டே வந்தனான்.”

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். குகன் அண்ணையின் தோள் குலுங்கத் தொடங்கியது. கார் கொஞ்சம் அலைந்து நேரானது. பிறகு வந்தது. வயிற்றிலிருந்து, பெரிய சத்தமாய், மூச்சு வாங்கி, மறுபடி. திரும்பிக்கொள்ள அங்கே சுவர் இல்லை. பின்பக்கம் பார்க்கும் சின்னக் கண்ணாடியில் நான்கு பல்லும், அதற்குப் பக்கத்துப் பற்களும், பின்னேர வெயிலும்.

மேகலா அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தா. அம்மாவின் கையை விட்ட பிறகு கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தா, இப்போது பிடி தளர்ந்திருந்தது. மெல்லச் சரிந்து என் காதுக்குள் கேட்டா.

“இவர் எப்பவும் இப்பிடித்தான் சிரிக்கிறவரோ?”

நான்கு வருடத்தில் நானும் இன்றுதான் பார்க்கிறேன்.

“ஓம்” என்றேன்.